புதரைத் துண்டாக்கும் யந்திரம்: ஜவ்வாது மலை நிலங்களில் அதன் உபயோகமும் பராமரிப்பும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் குடியானவர்கள் சாமையைப் பிரதானமாகப் பயிரிடுகிறார்கள். நிலத்தின் ஓரங்களிலும் மேட்டுப் பாங்கிலும் பலா, புளி, மா, சீதா முதலிய மரங்களை வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். செய்யாறு இம்மலையில் உற்பத்தியாகிப் பாலாற்றில் சென்று கலக்கிறது. ஆகவே இம்மலையின் மேல்மண் காக்கப்படுவது மலையில் உழுகிறவனுக்கு மாத்திரமன்றி, கீழ்நாட்டில் ஏரியையும் ஆற்றையும் நம்பி உழுகிறவனுக்கும் சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

இந்நிலங்களில் சில வருஷங்கள் உழவு நின்றுபோனால் முதலில் குடியேறுவது உண்ணிச்செடியே. அமெரிக்க கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்களைச் சேர்ந்த இச்செடி, அழகிய பூவுக்காகத் தோட்டச் செடியாக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. 1809-ம் வருஷத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் வைக்கப்பட்டதாகக் கூறுவர். பின்னர் அது வேலி தாண்டி, பறவைகளின் வயிற்றில் பிரயாணம் செய்து, காடு மேடெங்கும் பரவிவிட்டது. வளைந்த முள்ளும் பின்னிய கிளைகளும் உள்ள இப்புதருக்குள் புல் முளைப்பதில்லை, மரக்கன்று தலையெடுப்பதில்லை, கால்நடைகள் நுழைவதுமில்லை. தமிழ்நாடு அரசாங்கம் 2022-ம் வருஷத்தில் வெளியிட்ட அந்நியக் களைத் தாவரங்களைப் பற்றிய கொள்கையில், உண்ணிச்செடியும் சீமைக் கருவேலும் அகற்றப்பட வேண்டியவற்றுள் முக்கியமாகக் கருதப்படுகின்றன.

புதரை வெட்டிய பின் அதை என்ன செய்வது என்பதே குடியானவர் முன் நிற்கும் கேள்வி. வழக்கமான பதில் தீக்குச்சி. அதற்குப் பதிலாக, வெட்டிய கிளைகளை விரற்கடை அளவுள்ள சில்லுகளாக ஆக்கித் தரும் ஒரு யந்திரம் இப்பொழுது உபயோகத்திற்கு வந்திருக்கிறது. அதை ஜனங்கள் சிப்பர் என்றும், கட்டை தூளாக்கும் மிஷின் என்றும் அழைக்கிறார்கள். இந்த யந்திரம் நல்ல வேலைக்காரன். ஆனால் அது மூன்று கட்டளைகளின் கீழ்தான் வேலை செய்யும். வேர் முன்னதாகவே அறுக்கப்பட்டிருக்க வேண்டும். கத்தி கூராக இருக்க வேண்டும். மனிதன் கை அதன் வாய்க்கு வெளியே இருக்க வேண்டும். முதலாவதை மறந்தால் செலவு வீண். இரண்டாவதை மறந்தால் யந்திரம் வீண். மூன்றாவதை மறந்தால் ஒரு குடும்பமே வீணாகும்.

தீயிடுவதால் விளையும் நஷ்டம்

தழையும் குச்சியும் எரியும்பொழுது அவற்றிலுள்ள தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு ஆகாயத்தில் போய்விடுகின்றன. சாம்பலில் தங்குவது சாம்பற் சத்தும் சுண்ணாம்பும் மற்றச் சில உப்புக்களுமே. சாம்பற் சத்தோ தண்ணீரில் எளிதில் கரையக் கூடியது. சரிவான நிலத்தில் சித்திரை வைகாசிக் கோடை மழை ஒன்று கனத்துப் பெய்தால், அச்சாம்பலும் அதனடியிலுள்ள மேல்மண்ணும் சேர்ந்தே ஓடைக்குப் போய்விடுகின்றன.

அதற்கும் மேலாக, தீயினால் உண்ணிச்செடி சாவதில்லை. மேற்பாகம் கருகினாலும் அடிக்கட்டை மறுபடியும் பல துளிர்களை விடுகிறது. பக்கத்திலிருந்த புல்லும் இளங்கன்றுகளும் மடிந்து போவதால், முன்னைக் காட்டிலும் அதிக இடம் அதற்குக் கிடைக்கிறது. மாசி முதல் வைகாசி வரையில் மலை காய்ந்திருக்கும் காலத்தில் ஒருவர் வைத்த தீ, காற்று மாறினால் அடுத்தவர் தோப்பிலும் காப்புக் காட்டிலும் புகுந்துவிடும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

யந்திரம் வருமுன் வேரை அறுத்தல்

சிப்பர் யந்திரம் தரைக்கு மேலுள்ளதைத்தான் தின்னும். வேரை விட்டுவிட்டு மேலே வெட்டி அரைத்தவர், அடுத்த மழையில் அதே இடத்தில் முன்னிலும் அடர்ந்த புதரைக் காண்பார். ஆகையால் வேர் வேலையே முதல் வேலை.

டெல்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய சகாக்களும் இதற்கென ஒரு முறையை வகுத்தனர். கார்பெட் புலிகள் காப்பகத்தில் அது கையாளப்பட்டது. உண்ணிச்செடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் இடத்திலிருந்தே. ஆழத்திலுள்ள வேரிலிருந்து அன்று. ஆகவே மண்மட்டத்திற்குக் கீழே 3 முதல் 5 செண்டிமீட்டர், அதாவது சுமார் ஒன்றேகால் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை, ஆழத்தில் ஆணிவேரைத் துண்டித்துவிட்டு, புதரை வேரோடு தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அது காய்ந்து மடிகிறது. முழுக் குழியும் தோண்ட வேண்டுவதில்லை. மண் கிளறப்படுவதும் குறைவு. வாய் குறுகிய கனத்த மண்வெட்டியோ, கடப்பாரையோ இவ்வேலைக்குப் போதும். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாட்களில் வேலை பாதியாகிறது.

பழம் கறுப்பதற்கு முன் அறுப்பது உத்தமம். கருத்த பழங்கள் உள்ள நுனிக் கிளைகளைத் தனியே கழித்து வைக்க வேண்டும். விதை மிகச் சிறியதும் கெட்டியானதுமாகையால், யந்திரத்தின் கத்திக்குத் தப்பிச் சில்லுகளோடு நிலமெங்கும் விதைக்கப்பட்டுவிடும். இக்கிளைகளைப் பின்னே சொல்லப்படும் சூடான மக்குக் குவியலின் நடுவில்தான் சேர்க்க வேண்டும்.

சரிவு நிலத்தில் முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் வெறுமையாக்குவது தவறு. சரிவுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக அழித்து, இடையிடையே ஒரு பட்டையை அடுத்த வருஷத்துக்கு விட்டு வைக்க வேண்டும். அழித்த பட்டையில் உடனே புல்லோ, பயறோ, நாட்டு மரக்கன்றோ இடம் பிடித்தால்தான் மண் நிற்கும். வெறும் நிலம் விட்டால், முதலில் மண் போகும். பிறகு உண்ணிச்செடி திரும்பி வரும்.

யந்திரத்தின் அமைப்பு

சிறு யந்திரங்களில் பெரும்பாலும் காண்பது தட்டு வகை. கனத்த எஃகுத் தட்டு ஒன்று வேகமாய்ச் சுழலும். அதன் முகத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கத்திகள் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். கிளை நுழையும் வாயின் அடியில் அசையாத எஃகுப் பட்டை ஒன்று உண்டு. இதை அடிக்கத்தி எனலாம். சுழலும் கத்தியும் அடிக்கத்தியும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல வேலை செய்கின்றன. நறுக்கப்பட்ட சில்லுகளைத் தட்டிலுள்ள சிறகுகள் காற்றோடு தள்ளிப் புகைப்போக்கி போன்ற குழாய் வழியே வெளியே வீசுகின்றன.

உருளை வகையில் தட்டுக்குப் பதில் உருளையின் மேல் கத்திகள் இருக்கும். சம்மட்டி வகையில் கத்திக்குப் பதில் ஊசலாடும் இரும்புப் பட்டைகள் தழையை அடித்துத் தூளாக்கும். தென்னை மட்டைக்கும் பச்சைத் தழைக்கும் சம்மட்டி வகை ஏற்றது. உண்ணி, சீமைக் கருவேல் போன்ற கெட்டித் தண்டுக்குக் கத்தி வகையே ஏற்றது.

சக்தி இருவகையில் கிடைக்கிறது. ஒன்று, யந்திரத்தின் மேலேயே உள்ள பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சின். மற்றது, டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு. டிராக்டரில் பூட்டும் யந்திரங்கள் சாதாரணமாக நிமிஷத்திற்கு 540 சுற்று வேகத்திற்கென்றே செய்யப்பட்டவை. அதற்குமேல் ஓட்டினால் தட்டும் பேரிங்கும் சேதமடையும்; குறைந்தால் கிளை சிக்கிக்கொள்ளும். எந்த யந்திரமாயினும், தயாரிப்பாளர் குறித்துள்ள கிளைப் பருமனுக்கு மேற்பட்டதை ஊட்டக் கூடாது. பருமனான கட்டைகளை விறகுக்கு ஒதுக்குவதே லாபம்.

நிறுத்துமிடமும் புதரைத் தயார் செய்தலும்

போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஏறும் மலைப்பாதைகளில் யந்திரத்தை இழுத்துச் செல்லும்போது, வீசுகுழாயை மடக்கிப் பூட்டி, கொக்கியுடன் காப்புச் சங்கிலியும் மாட்டி, இறக்கத்தில் கீழ்க் கியரிலேயே வர வேண்டும். நிலத்தில் யந்திரத்தைச் சரிவில் நிறுத்தாமல் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சமதளமில்லாத மேட்டுக்கு யந்திரத்தை ஏற்றுவதை விட, புதரைப் பாதையோரத்திற்கு இறக்குவதே விவேகம். வீசுகுழாய் காற்று வீசும் திசையை நோக்கி, ஆட்களும் கால்நடைகளும் இல்லாத பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

வெட்டிய புதரைக் குவிக்கும்போது அடிப்பக்கமெல்லாம் ஒரே திசையில் யந்திரத்தை நோக்கி இருக்கும்படி அடுக்கினால், பிறகு பாதி வேலை மிச்சம். அகன்ற பக்கக் கிளைகளை அரிவாளால் கழித்துவிட வேண்டும். வேர்க்கட்டையை யந்திரத்தில் போடவே கூடாது. அதில் ஒட்டிய மண்ணும் கல்லும் ஒரு நிமிஷத்தில் கத்தியை மொண்ணையாக்கிவிடும். பழைய வேலிக் கம்பி, ஆணி, கயிறு, சாக்கு ஆகியவை குவியலில் உண்டா என்று பார்க்க வேண்டும். கம்பியும் கயிறும் கத்தியைக் கெடுப்பதோடு, சுழலும் தட்டில் சுற்றிக்கொண்டு பக்கத்திலிருப்பவரையும் இழுத்துவிடும். நாள்பட்ட குவியலைக் கையால் கலைக்குமுன் நீண்ட கழியால் தட்டிப் பார்ப்பது அவசியம். பாம்பும் குளவியும் அங்கே தங்குவது சகஜம்.

ஊட்டும் முறை

யந்திரம் முழு வேகத்தை அடைந்த பிறகே முதற் கிளையை ஊட்ட வேண்டும். கிளையின் அடிப்பக்கம் முதலில் செல்ல வேண்டும். ஊட்டுகிறவர் வாய்க்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கிளையைக் கத்தி பற்றிக்கொண்டவுடன் கையை எடுத்து விலகிவிட வேண்டும். பற்றிய கிளை சாட்டை போலச் சுழன்றடிக்கும். உண்ணி முள் உடையிலும் தோலிலும் கொக்கி போல மாட்டும். அதைப் பிடித்திழுத்துப் போட்டி போடக் கூடாது. குட்டைத் துண்டுகளைத் தனியே கையால் தள்ளாமல், நீண்ட கிளையின் மேல் வைத்தோ, மரக் கழியால் தள்ளியோ அனுப்ப வேண்டும். இரும்புக் கம்பியால் தள்ளுவது கூடாது.

ஈரமான பச்சைத் தழையை மட்டும் தொடர்ந்து போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். காய்ந்த கிளை ஒன்று, பச்சைக் கிளை ஒன்று என மாற்றி மாற்றி ஊட்டினால் ஓட்டம் சீராக இருக்கும். எஞ்சினின் சப்தம் தாழ்ந்தால் ஊட்டுவதை நிறுத்தி, வேகம் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் உடனே நிறுத்தாமல், உள்ளிருக்கும் சில்லு முழுவதும் வெளியேறும்வரை வெறுமையாய் ஓட விட வேண்டும்.

கையும் உயிரும்

இந்தியாவில் கதிரடிக்கும் யந்திரங்கள் பரவிய காலத்தில், கதிரை ஊட்டிய கூலியாட்கள் பலர் கைகளை இழந்தனர். அதன் பயனாகவே அபாயகரமான யந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-ம் வருஷத்தில் இயற்றப்பட்டது. யந்திரத்தின் அமைப்பில் பாதுகாப்பும், ஆபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடும் அச்சட்டத்தின் நோக்கங்கள். கதிரடிக்கும் யந்திரத்தைவிடச் சிப்பர் யந்திரத்தின் வாய் பசி மிகுந்தது. அது ஒரு கிளையைப் பற்றி இழுக்கும் வேகத்தில், மனிதன் நினைத்துக் கையை எடுப்பதற்கு அவகாசமில்லை. ஆகையால் பின்வரும் விதிகளில் ஒன்றையும் தளர்த்தக் கூடாது.

1. தொங்கும் துண்டு, வேட்டி நுனி, முந்தானை, தளர்ந்த சட்டைக்கை, வளையல், கழுத்துச் சங்கிலி இவற்றோடு யாரும் யந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது. நீண்ட கூந்தலை இறுக முடிந்து கட்ட வேண்டும். கையுறை கையை இறுகப் பிடிப்பதாயும், மணிக்கட்டில் அகன்ற விளிம்பு இல்லாததாயும் இருக்க வேண்டும்.

2. கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பானும், காலுக்குக் கெட்டிப் பூட்ஸும் தேவை.

3. ஒருவர் தனியாக இவ்வேலையைச் செய்யக் கூடாது. ஒருவர் ஊட்டும்போது மற்றொருவர் நிறுத்தும் பிடியின் அருகில் இருக்க வேண்டும். அவருக்கு அந்நேரத்தில் வேறு வேலை கொடுக்கக் கூடாது.

4. குழந்தைகளை ஐம்பதடிக்குள் விடக் கூடாது. மது அருந்தியவரும் தூக்கம் விழித்தவரும் யந்திரத்தைத் தொடக் கூடாது.

5. அடைப்பு நேர்ந்தால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். பிறகு சாவியையும், பெட்ரோல் எஞ்சினாயின் ஸ்பார்க் பிளக் கம்பியையும் எடுத்துவிட வேண்டும். டிராக்டராயின் பி.டி.ஓ.வை விடுவித்துச் சாவியை ஓட்டுகிறவர் தம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நின்ற பின்பும் கனத்த தட்டு தன் வேகத்தால் வெகுநேரம் சுழலும். அது முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்கலாம்.

6. பி.டி.ஓ. தண்டின் மேலுள்ள மூடுகுழாய் உடைந்திருந்தால் அன்று வேலை இல்லை என்று கொள்ள வேண்டும். சுழலும் தண்டைத் தாண்டிச் செல்லவே கூடாது.

ஆபத்து நேர்ந்துவிட்டால், இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்தி, அவ்வுறுப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, 108 என்ற எண்ணுக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும். துண்டான விரல் இருந்தால் ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே அனுப்ப வேண்டும். பனிக்கட்டி நேராக விரலில் படக் கூடாது.

கத்தியின் பராமரிப்பு

சிப்பர் யந்திரத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கத்தியிலிருந்தே பிறக்கின்றன. கத்தி மொண்ணையானால் எஞ்சின் அதிகமாய் உழைக்கிறது. எண்ணெய்ச் செலவு ஏறுகிறது. பெல்ட்டு வழுக்கிக் கருகுகிறது. தட்டு அதிர்ந்து பேரிங் தேய்கிறது. கிளை தானாக உள்ளே போகாததால் ஆள் அதைத் தள்ளத் தொடங்குகிறார். மொண்ணைக் கத்தி, மனிதன் கையை வாயை நோக்கி அழைக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

கத்தி மொண்ணையானதைச் சில்லுகளே காட்டிக்கொடுக்கும். கூரிய கத்தி ஒரே அளவான, ஓரம் சுத்தமான சில்லுகளைத் தரும். நார்நாராகக் கிழிந்த துண்டும், தூளும், வால் போன்ற பட்டையும் வந்தால் தீட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

கத்தியைக் கழற்றும்போது தட்டைப் பூட்டும் ஆணியால், அது இல்லாவிடில் கெட்டி மரத்துண்டால், அசையாமல் நிறுத்த வேண்டும். ஒரு கத்தியைக் கழற்றியவுடன் தட்டின் ஒரு பக்கம் இலேசாகி, தானே திரும்பிவிடும். மற்றக் கத்தி விரலை வெட்டுவது இவ்விதமே. தீட்டும்போது தயாரிப்பாளர் வைத்த சரிவுக் கோணத்தை மாற்றக் கூடாது. தீட்டுகல்லில் சிறிது சிறிதாகப் பிடித்து, அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக் குளிர்விக்க வேண்டும். கத்தியின் ஓரம் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்பாகம் பின் கூர் நிற்காது. எல்லாக் கத்திகளையும் ஒரே அளவு தீட்டி, தராசில் எடை பார்த்துச் சமமாக்க வேண்டும். எடை வித்தியாசமுள்ள கத்திகள் யந்திரத்தை உதறச் செய்யும்.

கத்தியைத் திரும்பப் பூட்டிய பின், அதற்கும் அடிக்கத்திக்கும் உள்ள இடைவெளியை அளவுத் தகட்டால் பார்க்க வேண்டும். சிறு யந்திரங்களில் இது ஏறக்குறைய ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். சரியான அளவு யந்திரத்தோடு வரும் புத்தகத்தில் உள்ளது. இடைவெளி அதிகமானால் கிளை கிழியும்; மிகக் குறைந்தால் இரும்போடு இரும்பு மோதும். அடிக்கத்தியின் ஓரம் தேய்ந்து உருண்டிருந்தால் அதைத் திருப்பிப் போடவோ, மாற்றவோ வேண்டும். போல்ட்டுகளை முறுக்கு அளக்கும் ஸ்பேனரால் இறுக்கி, தட்டைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்னரே எஞ்சினைத் தொட வேண்டும். கத்திப் போல்ட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரணப் போல்ட்டைப் போடுவது பெரும் அபாயம்.

மற்றப் பராமரிப்பு

தினந்தோறும் வேலைக்கு முன்: எஞ்சின் எண்ணெய், எரியெண்ணெய், காற்று வடிகட்டி, கத்திப் போல்ட்டுகள், மூடிகள், நிறுத்தும் பிடி இவற்றைப் பார்க்க வேண்டும். நிறுத்தும் பிடியை ஒரு முறை இயக்கி, அது உண்மையாகவே நிறுத்துகிறதா என்று அறிய வேண்டும். சில்லுத் தூள் பறக்கும் இடமாகையால் காற்று வடிகட்டியைச் சாதாரண எஞ்சினைவிட அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும்: எஞ்சினைச் சுற்றியும் புகைக்குழாயின் மேலும் படிந்த தூளைத் துடைக்க வேண்டும், காய்ந்த தூளும் சூடான குழாயும் சேர்ந்தால் தீ பிடிக்கும். சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும். பேரிங்குகளுக்குப் புத்தகத்தில் கண்ட மணிக்கணக்குப்படி கிரீஸ் கொடுக்க வேண்டும். அளவுக்கு மீறிய கிரீஸும் கெடுதலே. பெல்ட்டின் இறுக்கத்தையும் அப்போதே பார்க்கலாம்.

மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது: கத்திகளுக்கு எண்ணெய் தடவி, வீசுகுழாயை மூடி, கூரையின் கீழ் மரக்கட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டால் கார்புரேட்டர் பிசின் படியாமல் இருக்கும்.

சில்லுகளின் உபயோகம்

மூன்று அங்குல கனத்தில் ஒரு ஏக்கர் முழுவதையும் மூட 10,890 கன அடி சில்லு வேண்டும்; அது எளிதில் சேரும் அளவன்று. பத்தடி விட்டமுள்ள ஒரு மரத்தின் பாத்தியை அதே கனத்தில் மூட ஏறக்குறைய 20 கன அடி போதும். ஆகையால் சில்லை நிலமெங்கும் தூவாமல், மா, பலா, புளி மரங்களின் பாத்திகளில் மூடாக்காகப் போடுவதே முறை. கோடையில் ஈரம் காக்கப்படும். மழைத்துளி மண்ணை நேராக அடிக்காது. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிட வேண்டும். இல்லையேல் பட்டை அழுகும்; கரையானும் ஏறும்.

பச்சைச் சில்லைச் சாமை நிலத்தில் உழுது புதைக்கக் கூடாது. மரச் சில்லை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளுமாதலால், பயிர் மஞ்சளித்துப் போகும். உண்ணி இலையிலுள்ள சில பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கவும் கூடும். ஆகவே நாற்றங்காலுக்கும் பச்சைச் சில்லு ஆகாது.

பயிர் நிலத்திற்கு வேண்டுமானால் மக்க வைத்தே போட வேண்டும். ஒரு சாண் சில்லு, ஒரு சாண் கிளைரிசிடியா அல்லது புங்கந் தழை, அதன்மேல் சாணிக் கரைசல் என அடுக்கடுக்காக நாலடி உயரம் குவித்து, கையில் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் அளவு ஈரம் வைத்து, பதினைந்து நாளுக்கொரு முறை புரட்ட வேண்டும். நடுவில் கைபொறுக்காத சூடு எழும். அச்சூடே களை விதையைக் கொல்லும். எனவேதான் பழமுள்ள கிளைகளைக் குவியலின் நடுவில் இட வேண்டுமென மேலே கூறப்பட்டது. சில்லு மண்வாசனையுடன் கறுத்து நொறுங்க நாலைந்து மாதங்களுக்குக் குறையாமல் ஆகும்.

உண்ணித் தழையில் கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் விஷம் உண்டு. மாடும் ஆடும் பசியினால் புதிதாய் அரைத்த குவியலில் வாய் வைக்காதபடி காக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

யந்திரம் நிலத்தில் இறங்குமுன் பட்டா எல்லையைக் கிராம நிர்வாக அலுவலர் காட்டிக் கொடுப்பது அவசியம். ஜவ்வாது மலையில் பட்டா நிலமும் காப்புக் காடும் பல இடங்களில் ஒட்டியே இருக்கின்றன. காப்புக் காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு கிளையும் வெட்டக் கூடாது. புதருக்குள் மறைந்து வளரும் சந்தனக் கன்றுகளை வேலைக்கு முன்பே அடையாளமிட்டு விலக்கி வைக்க வேண்டும். தம் நிலத்திலேயே நிற்கும் சந்தன மரமாயினும் தம்மிச்சையாக வெட்டுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

சிறு குடியானவர் ஒருவர் தனியாக இந்த யந்திரத்தை வாங்குவது பெரும்பாலும் லாபகரமன்று. வருஷத்தில் சில நாட்களே அதற்கு வேலை உண்டு. பலர் சேர்ந்து வாங்குவதோ, வாடகைக்கு எடுப்பதோ தக்கது. வேளாண்மை யந்திரமயமாக்கலுக்கான மத்திய அரசாங்கத் திட்டம் 2014-15-ம் வருஷத்தில் தொடங்கப்பட்டது. அதில் வாடகை மையங்களுக்கு உதவி செய்ய இடமளிக்கப்பட்டது. நடப்பு விதிகளை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்தறியலாம். பொது யந்திரத்திற்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். யார், எத்தனை மணி நேரம் ஓட்டினார், கத்தி என்று தீட்டப்பட்டது, என்ன உடைந்தது என்பவை அதில் எழுதப்பட்டால், அடுத்தவர் மொண்ணைக் கத்தியோடு வேலை தொடங்க நேராது. முறை தெரிந்த இருவரைத் தவிர வேறு யாரிடமும் சாவி போகலாகாது.

புதர் அழித்தல் ஒரு நாளில் முடியும் காரியமன்று. முதல் வருஷம் வேரறுத்துத் துண்டாக்கிய நிலத்தில், அடுத்த இரண்டு மூன்று மழைகளிலும் முளைக்கும் இளஞ்செடிகளைக் கையால் பிடுங்கிக் கொண்டே வர வேண்டும். முக்கியமாகப் பறவைகள் அமரும் மரங்களின் அடியில் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு யந்திரம் தேவையில்லை. ஈர மண்ணில் ஒரு சிறுவனும் பிடுங்கிவிடுவான். அவ்வாறு தொடர்ந்து கவனிக்கப்பட்ட நிலத்தில், எரிந்து ஓடைக்குப் போயிருக்க வேண்டிய சத்து பலா மரத்தின் அடியில் தங்கி, மேல்மண்ணும் சரிவில் நின்று, சாமை விதைக்கப் புழுதி காண்பது நிச்சயம்.